பூட்டிய பீரோவிலிருந்து பிள்ளைகளின் பைக்குள்: புதிய பள்ளி நூலகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பள்ளி நூலகப் பொறுப்பு பெரும்பாலும் ஒரு சாவிக்கொத்தாகத்தான் கைக்கு வருகிறது. நூலகர் பணியிடத்திலேயே நீங்கள் சேர்ந்திருக்கலாம். இல்லை, தமிழோ கணக்கோ நடத்திக்கொண்டிருந்த உங்களிடம் தலைமையாசிரியர், "லைப்ரரியையும் நீங்களே பாத்துக்கங்க டீச்சர்" என்று சொல்லியிருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நான் பழகியவர்களில் இரண்டாம் வகையினரே அதிகம். நானும் அப்படி வந்தவன்தான். இந்திய நூலகவியலின் தந்தை என்று நாம் போற்றும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன்கூட கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அதனால் பயிற்சி இல்லையே என்று தயங்க வேண்டாம்.

பல பள்ளிகளின் நூலகங்களைப் பார்த்துவிட்டேன். புத்தகமே இல்லாத பள்ளிகளைவிட, புத்தகம் இருந்தும் பீரோ திறக்காத பள்ளிகளே என் கண்ணில் அதிகம் பட்டன. அதற்குச் சோம்பலைக் காரணம் சொல்ல மாட்டேன். பயம்தான் காரணம். "பிள்ளைங்க கிழிச்சிட்டா? தொலைச்சிட்டா? ஆடிட்ல கேட்டா யார் கையிலிருந்து கட்டுறது?" நியாயமான பயம்தான். ஆகவே முதலில் அதற்கு ஒரு வழி செய்துவிடுவோம். கதை, வாசிப்பு எல்லாம் அப்புறம். பதிவேடு சரியாக இருந்தால் பீரோவைத் தாராளமாகத் திறந்து வைக்கலாம்.

முதல் வாரம்: எண்ணிவிட்டுக் கையெழுத்து

பொறுப்பேற்கும் நாளில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்தையும் எண் போட்டுப் பதியும் சேர்க்கைப் பதிவேடு (அக்சஷன் ரிஜிஸ்டர் என்றால்தான் பல பள்ளிகளில் புரியும்), வழங்கல் பதிவேடு, புத்தகம் வாங்கிய பில்களின் கோப்பு. மூன்றும் இல்லாவிட்டால் இருப்பதை வாங்கிக்கொண்டு, இல்லாததை "இல்லை" என்று எழுத்தில் குறியுங்கள்.

அடுத்தது எண்ணும் வேலை. பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு புத்தகமாகத் தேடப் போனால் ஒரு மாதம் ஆனாலும் முடியாது. தலைகீழாகச் செய்யுங்கள். ஒருவர் பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்து அதிலுள்ள சேர்க்கை எண்ணைப் படிக்கட்டும். இன்னொருவர் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே பென்சிலால் குறியிடட்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் உதவிக்கு வந்தால் 1000 புத்தகங்களை இரண்டு மூன்று பிற்பகல்களில் முடித்துவிடலாம். முடிவில் மூன்று பட்டியல் கிடைக்கும்: பதிவேட்டிலும் பீரோவிலும் இருப்பவை, பதிவேட்டில் மட்டும் இருப்பவை, எண்ணே போடாமல் பீரோவில் கிடப்பவை. இந்த மூன்று எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதி, ஒப்படைப்பவரும் நீங்களும் தலைமையாசிரியரும் தேதியோடு கையெழுத்திடுங்கள். முன்னவர் மாறுதலில் போய்விட்டார் என்றால் தலைமையாசிரியரும் மூத்த ஆசிரியர் ஒருவரும் சாட்சியாகப் போடலாம்.

என் முதல் பள்ளியில் நான் இதைச் செய்யவில்லை. ஒப்படைத்தவர் கிளம்பும் அவசரத்தில், "எல்லாம் சரியா இருக்கு சார்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து எண்ணியபோது 150க்கும் மேல் காணவில்லை. அவை நான் வருவதற்கு முன்பே போனவை என்று காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. அந்தப் பயத்தில் அதற்கு அடுத்த வருடம் முழுக்க ஒரு புத்தகத்தையும் வெளியே கொடுக்கவில்லை. அந்தப் பள்ளியின் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் வீணானது. இன்றைக்கு நினைத்தாலும் மனம் கனக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண் (இதுதான் சேர்க்கை எண்), தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, பில் எண், குறிப்பு ஆகிய பத்திகள் போதும். ஒரு புத்தகம் தொலைந்தாலும் கழிக்கப்பட்டாலும் அதன் எண்ணை வேறு புத்தகத்துக்குக் கொடுக்கக் கூடாது. பள்ளி முத்திரையைத் தலைப்புப் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் போடுங்கள். நடுவே ஒரு ரகசியப் பக்கத்திலும் போடுவது நூலகர்களின் பழைய வழக்கம். எல்லாப் புத்தகத்திலும் 27ஆம் பக்கம் என்று வைத்துக்கொண்டால், முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் நம் புத்தகத்தை அடையாளம் காணலாம். அன்பளிப்பாக வந்தவற்றையும் விடாமல் பதியுங்கள். பில் எண் பத்தியில் "அன்பளிப்பு" என்றும், விலைப் பத்தியில் அச்சிட்ட விலையும் எழுதினால் சரி.

கழிக்க வேண்டியதைக் கழியுங்கள்

புதியவர்கள் கைவைக்கத் தயங்கும் வேலை இது. ஆனால் இதைச் செய்தால் அடுத்த நாளே பலன் தெரியும். பத்து வருடத்துக்கு முந்தைய வினா வங்கி, பழைய பாடத்திட்டத்தின் கைடு, இராமபாணப் பூச்சி துளைத்த தொகுதிகள் எல்லாம் பீரோவின் முன்வரிசையில் நின்றால், நல்ல கதைப் புத்தகம் அவற்றுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

தகவல் நூல்களைச் சோதிக்க எனக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கிருஷ்ணகிரியை தருமபுரி மாவட்டத்தின் ஒரு பகுதியாகக் காட்டும் நூல் 2004 பிப்ரவரிக்கு முந்தையது. புளூட்டோவையும் சேர்த்து ஒன்பது கோள்கள் என்றால் 2006க்கு முந்தைய தகவல். தெலங்கானா இல்லாத வரைபடம் 2014க்கு முந்தையது. இவற்றைப் பிள்ளை உண்மை என்று நம்பி எழுதிவைத்தால் தவறு நம்முடையது. ஒரு விலக்கு: பிரிக்கப்படாத பழைய தருமபுரி மாவட்டத்தைப் பற்றிய நூலோ வரைபடமோ கிடைத்தால் கழிக்காதீர்கள். அதற்கு வேறு இடம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கழிப்பதை நீங்கள் தனியாக முடிவு செய்ய வேண்டாம். பட்டியல் எழுதி, எண்ணும் விலையும் காரணமும் குறித்து, தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வாங்கி, உங்கள் பள்ளிக்குரிய விதிப்படி அப்புறப்படுத்துங்கள். பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் கோடிட்டு ஒப்புதல் தேதியைக் குறியுங்கள். அதுவரை அவற்றைத் தனி அட்டைப் பெட்டியில் கட்டி வைத்தால் போதும், அலமாரி மூச்சுவிடும்.

அடுக்கும் முறை

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் மெல்வில் டூயி 1876இல் வகுத்த பதின்மப் பகுப்பு முறையின் எளிய வடிவம் போதும். 000 பொது, 300 சமூகவியல், 398 நாட்டுப்புறக் கதை, 500 அறிவியல், 510 கணிதம், 796 விளையாட்டு, 894.811 தமிழ் இலக்கியம், 920 வாழ்க்கை வரலாறு, 954 இந்திய வரலாறு. இந்த ஒன்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் பிள்ளைகளே படித்துக்கொள்வார்கள். புள்ளிக்குப் பின்னால் ஐந்தாறு இலக்கம் எழுதுவதெல்லாம் ஒரு பள்ளி நூலகத்துக்குத் தேவையில்லை.

தமிழ் ஆசிரியர் பெயர்களில் ஒரு சிக்கல் வரும். தலைப்பெழுத்தை வைத்து அடுக்கினால் பாதிப் புத்தகம் எங்கே என்றே தெரியாது. பெயரின் முதல் எழுத்தை வைத்து அடுக்குங்கள், தலைப்பெழுத்து பின்னால் வரட்டும். புனைபெயரில் எழுதியவர் என்றால் அட்டையில் இருக்கும் பெயரே போதும். பிள்ளை தேடி வருவது அந்தப் பெயரைத்தானே.

தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு எண்ணே வேண்டாம், வண்ண நாடா போதும். கதைக்கு மஞ்சள், பாட்டுக்கு நீலம், அறிவியலுக்குப் பச்சை என்று முதுகில் ஒட்டிவிடுங்கள். அரசுப் பள்ளியில் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் உங்களிடம் இருந்தால் அவற்றைக் கலக்காமல் நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகளிலேயே நாலு கூடைகளில் வையுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை "நுழை" கூடையில் கைவிட்டால் ஒன்றும் சொல்லாதீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் நூலகத்துக்கு வருவதே பெரிய விஷயம்.

பாதிப் புத்தகங்களையாவது அட்டை தெரியும்படி வையுங்கள். சணல் கயிறு கட்டி அதில் தொங்கவிட்டாலும் சரி. முதுகு மட்டும் தெரியும் புத்தகத்தைச் சின்னப் பிள்ளைகள் எடுப்பதே இல்லை.

பூச்சி, ஈரம், கிழிசல்

அலமாரியைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி, தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். கரையான் ஏறுவது சுவர் வழியாகத்தான். மேற்குச் சன்னலின் வெயில் நேராகப் புத்தகத்தில் விழக் கூடாது. தருமபுரிக் கோடையில் ஒரு வருடத்தில் அட்டை வெளுத்துவிடும். பாச்சை உருண்டை போடும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுவிடலாம். சில பிள்ளைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். காய்ந்த வேப்பிலை, வசம்புத் துண்டு, வாரம் ஒருமுறை தூசி தட்டுதல், இவற்றோடு அடிக்கடி புத்தகத்தைப் புரட்டும் கைகளும் இருந்தால் போதும். இராமபாணம் ஆள் நடமாடாத இருட்டில்தான் குடியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் வளைந்துவிடும். விசிறியாக விரித்து நிற்க வைத்து, பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் செருகி மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வழவழப்பான தாள் என்றால் ஈரம் காயும்முன் பக்கம் பக்கமாகப் பிரித்துவிட வேண்டும், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். கிழிசலுக்கு செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். இரண்டு வருடத்தில் மஞ்சளாகி, தாளையும் கெடுத்துவிடும். மெல்லிய தாள் துண்டும் வெள்ளைப் பசையும் போதும். மாதம் ஒரு நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒட்டுங்கள். தன் கையால் ஒட்டிய புத்தகத்தை எந்தப் பிள்ளையும் கிழிப்பதில்லை என்பதை இத்தனை வருடமும் பார்த்துவருகிறேன்.

வழங்கும் முறை: பத்து விநாடியில் முடிய வேண்டும்

நூலகம் நடக்குமா நிற்குமா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. நாலாவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. வகுப்பில் 45 பேர், பாடவேளை 40 நிமிடம். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் எடுத்தாலே மணி அடித்துவிடும். புத்தகம் கொடுப்பதை ஆசிரியர்கள் கைவிடுவதற்கு இந்த எளிய கணக்குதான் பெரும்பாலும் காரணம்.

தேதிவாரியாக எழுதும் வழங்கல் பதிவேட்டில் சிரமம் திரும்பி வரும்போது தெரியும். யார், எப்போது எடுத்தார் என்று நாலைந்து பக்கம் புரட்ட வேண்டும். அதற்குப் பதிலாக வகுப்புக்கு ஒரு நீள நோட்டு போடுங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம், மேலே பெயரை ஜூன் மாதமே எழுதிவிடுங்கள். பக்கத்தில் நாலே பத்தி: சேர்க்கை எண், எடுத்த தேதி, தந்த தேதி, கையெழுத்து. பிள்ளையே எண்ணையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடும். நீங்கள் எண் சரிதானா என்று பார்த்தால் போதும். வருடக் கடைசியில் அந்தப் பக்கமே அந்தப் பிள்ளையின் வாசிப்பு வரலாறாக இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் அதைக் காட்டியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா, தன் மகள் பக்கத்திலிருந்த வரிகளை விரலால் எண்ணிப் பார்த்துக்கொண்டு நின்றதை மறக்க முடியாது.

எல்லாரும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரு வாரம் பாதி வகுப்பு, மறு வாரம் மீதி. வகுப்புக்கு இரண்டு பேரை நூலக உதவியாளராக வையுங்கள், பருவத்துக்குப் பருவம் மாற்றுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையே எப்போதும் தேர்ந்தெடுக்காதீர்கள். கடைசி பெஞ்சில் உட்காரும் பையனிடம் சாவியைக் கொடுத்துப் பாருங்கள், புத்தகங்களை அவன்தான் கண்ணாகக் காப்பான்.

பிள்ளைகள் அதிகமுள்ள பெரிய பள்ளி என்றால் அட்டை முறை நல்லது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு காகிதப் பை ஒட்டி, அதில் தலைப்பும் எண்ணும் எழுதிய அட்டை ஒன்று வையுங்கள். பிள்ளைக்கு ஒரு சிறு உறை. புத்தகம் வெளியே போகும்போது அந்த அட்டை பிள்ளையின் உறைக்குள் போய் உங்கள் பெட்டியில் இருக்கும், திரும்பி வந்ததும் புத்தகத்துக்கே போகும். எழுதவே வேண்டாம்.

நூலகப் பாடவேளை

கால அட்டவணையில் நூலகத்துக்கு ஒரு பாடவேளை இருந்தும் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. சண்டை வேண்டாம். முதல் இரண்டு மாதம் அந்த நேரத்தை ஒழுங்காக நடத்திக் காட்டுங்கள். பிள்ளைகளே "இன்னைக்கு லைப்ரரி சார்" என்று நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

வந்ததும் ஐந்து நிமிடம் புத்தகம் திருப்பும் வேலை. அப்புறம் பத்து நிமிடம் நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். கதை சொல்வதையும் படித்துக் காட்டுவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். புத்தகத்தைக் கையில் பிடித்து, படத்தைக் காட்டி, அச்சில் உள்ள வரியையே படிக்க வேண்டும். கதை அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்தால்தான் அடுத்து அதையே கேட்டு வாங்கும். வீட்டில் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். கதை உச்சத்துக்குப் போகும் இடத்தில் நிறுத்தி, அந்தப் புத்தகத்தை மேசையில் வைத்துவிடுங்கள். மணி அடிக்கும்முன் அதற்குப் போட்டி வந்துவிடும்.

மீதி நேரம் அவர்களுடையது. அந்த நேரத்தில் நீங்களும் ஒரு புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து படியுங்கள். நோட்டுத் திருத்தாதீர்கள். படித்ததற்குச் சுருக்கம் எழுதி வா என்று கேட்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்தாலே பிள்ளைகள் எட்டுப் பக்கப் புத்தகமாகத் தேடுகிறார்கள். புத்தகத்தைத் திருப்பும்போது, "எந்தப் பக்கம் பிடிச்சுது?" என்று கேளுங்கள். திறந்து காட்டினால் போதும்.

பிள்ளைகளின் ஊர் வாழ்க்கையோடு புத்தகத்தை ஒட்டவைப்பதுதான் ஆட்களைக் கூட்டும். நம் இரு மாவட்டக் கிராமங்களிலும் பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் பிள்ளைகள் விடிய விடிய விழித்திருந்து பார்க்கிறார்கள். மறுநாள் வகுப்பில் தூங்குகிறார்கள் என்று திட்டுவோம். நான் ஒரு வருடம் அந்த வாரத்தில் மகாபாரதக் கதைகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்தேன். அதுவரை புத்தகமே எடுக்காத பையன்கள் கர்ணனைப் பற்றி அடித்துக்கொண்டு எடுத்தார்கள். "சார், கூத்துல வேற மாதிரி வந்துச்சு" என்று ஒருவன் சண்டைக்கே வந்தான். அன்றைய பாடவேளை முழுக்க அந்தப் பேச்சிலேயே போனது. எருது விடும் விழா சமயத்தில் மாடுகளைப் பற்றிய நூல்கள், மாங்காய்ப் பருவத்தில் மரம், பறவை, அணில். காலண்டரைப் பார்த்து ஒரு பட்டியல் போட்டுவிட்டால் வருடம் முழுக்க மேசை காலியாக இருக்காது.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். பிள்ளை வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும். கிருஷ்ணகிரி நகரில் உருது. அரூர்ப் பக்கம் லம்பாடி பேசும் பிள்ளைகள். சித்தேரி மலையில் தமிழே வேறு ராகத்தில் இருக்கும். இந்தப் பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் படிப்பில் மந்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படம் மட்டும் உள்ள புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள். பிள்ளை தன் மொழியில் கதை சொல்லட்டும், பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிள்ளை அதைத் தமிழில் சொல்லட்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று பல மொழிகளில் கிடைக்கும். 2015இல் தொடங்கிய தளம், இலவசம். பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஒரே கதையை இரண்டு மொழியில் அச்சிட்டு ஒன்றாகத் தைத்து வைத்தால் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து படிக்கலாம். நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்களும் இம்மொழிகளில் மலிவு விலையில் வருகின்றன. எல்லையோரப் பள்ளியில் ஒரு தட்டு முழுக்கத் தெலுங்கும் கன்னடமும் இருப்பது அவசியம் என்று நினைக்கிறேன். தன் வீட்டு மொழி அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அந்த அறைக்குள் தயங்காமல் வரும்.

தொலைந்தால் என்ன செய்வது

தொலையும். கொடுத்தால் தொலையத்தான் செய்யும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே இதை ஏற்கின்றன: ஆண்டுக்கு, படிக்கக் கொடுத்த 1000 நூல்களுக்கு 5 வரை இழப்பு இருந்தால், அதில் நேர்மைக்குறைவோ அலட்சியமோ இல்லாத பட்சத்தில், ஏற்கத்தக்கது என்கிறது 215ஆம் விதி. 20,000க்கு மேற்படாத நூலகத்தை ஆண்டுக்கு ஒருமுறை முழுமையாகச் சரிபார்க்கவும் சொல்கிறது. மாநிலத்தின் பள்ளியையோ தனியார் பள்ளியையோ அந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தலைமையாசிரியரிடம் பேசும்போது எடுத்துக்காட்டக்கூடிய அளவுகோல் அது. பேசி, உங்கள் பள்ளிக்கென்று ஒரு பக்க நூலக விதியை எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வருடா வருடம் மார்ச்சில் எண்ணிக் கணக்கை எழுதிவைத்தால் ஆடிட்டில் பதில் சொல்வது சுலபம்.

பிள்ளையிடம் அபராதம் வாங்காதீர்கள். ஐந்து ரூபாய் அபராதம் என்றால்கூட, அதை வீட்டில் கேட்கப் பயந்து நூலகத்துக்கு வருவதையே நிறுத்திவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொலைத்துவிட்டேன் என்று தானாக வந்து சொன்ன பிள்ளைக்கு அன்றைக்கே அடுத்த புத்தகத்தைக் கொடுங்கள். முடிந்தவர்கள் வேறு ஒரு புத்தகம் வாங்கித் தரட்டும். முடியாதவர்கள் இரண்டு நாள் ஒட்டுப்போடும் வேலையில் சேர்ந்துகொள்ளட்டும்.

பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளையை நடு வருடத்தில் திடீரென்று கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்முன் நூலக நோட்டைப் பார்க்கும்படி அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். சொல்லாமலே போய்விட்ட பிள்ளையோடு போன புத்தகத்தை "இடம்பெயர்வு" என்று குறித்து விட்டுவிடுங்கள். ஏதோ ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்தில், தகரக் கொட்டகையில் அந்தத் தமிழ்ப் புத்தகத்தை ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருந்தால் எனக்கு வருத்தமில்லை.

புத்தகம் வாங்கும்போது

மூட்டையாக, பட்டியலைக் கூடப் பார்க்காமல் வாங்காதீர்கள். கையில் எடுத்துப் பார்த்து வாங்க தருமபுரியிலும் ஓசூரிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்கள் நல்ல இடம். தமிழ்நாட்டுப் புத்தகத் திருவிழாக்களில் வழக்கமாக 10 சதவீதக் கழிவு கிடைக்கும். எழுத்து பெரிதாக இருக்கிறதா, நூலால் தைத்ததா வெறும் பசையா, பின்னால் பார்த்தால் எழுத்து தெரியாத தாளா என்று பாருங்கள். பசையால் மட்டும் ஒட்டிய தடித்த புத்தகம் பத்துப் பிள்ளைகள் கைமாறினாலே பிரிந்துவிடும். பில் பள்ளியின் பெயரில் இருக்கட்டும்.

போவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு பெட்டி வைத்து, என்ன வேண்டும் என்று பிள்ளைகளை எழுதிப் போடச் சொல்லுங்கள். பேய்க் கதை, கிரிக்கெட், பாம்பு. எனக்கு வந்த சீட்டுகளில் பெரும்பாலும் இவைதான். வாங்குங்கள். நீதிக்கதைத் தொகுப்புகள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கும். நன்றாக ஓடும் ஒரு புத்தகத்தில் ஐந்து பிரதி வாங்குவது, யாரும் தொடாத ஐந்து தலைப்புகள் வாங்குவதைவிட நல்லது.

பணமே இல்லை என்றால் பிறந்தநாள் சாக்லேட்டுக்குப் பதில் ஒரு புத்தகம், முன்னாள் மாணவர்கள், பக்கத்துக் கிளை நூலகம் என்று வழிகள் உண்டு. 1948இன் பொது நூலகச் சட்டத்தால் வந்த நூலக வரியை வீட்டு வரியோடு நாம் எல்லாரும் கட்டுகிறோம். அந்த நூலகம் நம் பிள்ளைகளுடையதும்தான். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போய் உறுப்பினராகச் சேருங்கள். அங்குள்ள நூலகரோடு பழக்கம் ஏற்பட்டால் எந்தச் சந்தேகத்துக்கும் ஆள் இருக்கும். அரசுப் பள்ளிக்கு வரும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களை அலுவலக மேசையில் கட்டோடு விட்டுவிடாமல் வந்த அன்றே எடுத்து வாருங்கள்.

உள்ளூர் அலமாரி

கழிக்காமல் எடுத்து வைக்கச் சொன்ன பழைய வரைபடத்துக்கு இடம் இங்கே. ஒரு தட்டு போதும். அதியமான், ஔவை, நெல்லிக்கனி எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்; அது தங்கள் தகடூரின், அதாவது இன்றைய தருமபுரியின் கதை என்பது பலருக்குத் தெரியாது. பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவா, ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்கள், தமிழ்நாட்டில் இரும்பின் காலத்தை 2022இல் கி.மு. 2172க்குக் கொண்டுபோன மயிலாடும்பாறை அகழாய்வு. இவற்றைப் பற்றிய நாளிதழ்த் துண்டுகளை வெட்டி ஒட்டிய ஒரு நோட்டுகூட நல்ல நூல்தான்.

பிள்ளைகளிடம் பாட்டி சொன்ன கதையை, களி கிண்டும் பக்குவத்தை, ஊர்ப் பெயர் வந்த காரணத்தை எழுதி வரச் சொல்லுங்கள். பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள். தைத்து, அட்டை போட்டு, சேர்க்கைப் பதிவேட்டில் எண் கொடுத்து மற்ற நூல்களோடு வழங்குங்கள். ஆசிரியர் பத்தியில் அந்தப் பிள்ளையின் பெயர் வரட்டும். எங்கள் பள்ளியில் அதிக முறை வெளியே போன நூல் அப்படி வந்த ஒன்றுதான்.

கணினி

அவசரமில்லை. பதிவேடு சரியானபின் ஒரு எக்செல் தாள் போதும். யூனிகோடிலேயே தட்டுங்கள். பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படிக்கவும் முடியாது, தேடவும் முடியாது. ஆயிரக்கணக்கில் நூல்களும் கணினி தெரிந்த ஒருவரும் இருந்தால் கோஹா என்ற இலவச மென்பொருளைப் பார்க்கலாம்.

ஏப்ரல்: எல்லாரும் பூட்டும்போது

மார்ச் கடைசியில் புத்தகங்களைத் திரும்ப வாங்குங்கள், எண்ணுங்கள், கணக்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதன்பின் ஜூன் வரை பூட்டி வைப்பதுதான் வழக்கம். நான் கடைசித் தேர்வு நாளில் மறுபடியும் திறக்கிறேன். பிள்ளைக்கு மூன்று புத்தகம், மேல்வகுப்புக்குப் போகிற எல்லாருக்கும். பள்ளியை விட்டுப் போகிறவர்களுக்குக் கிளை நூலகத்தின் வழியைச் சொல்லி அனுப்பலாம். பிள்ளைகளுக்கு நேரம் கொட்டிக் கிடப்பது அந்த இரண்டு மாதத்தில்தான். முதல் வருடம் தலைமையாசிரியர் தயங்கினால் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

ஜூன் முதல் வாரத்தில் திரும்பி வரும்போது சில பக்கங்களில் மாம்பழச் சாறு ஒட்டியிருக்கும். ஈரத்தைப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, இடையில் தாள் செருகிக் காயவையுங்கள். போகாத கறையைக் குறிப்புப் பத்தியில் எழுதிவிட்டு, அந்த வாரமே அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.